மேட்டுத் தெருவுக்கு ரெண்டு மணி நேரம்

பிச்சைமணி அண்ணாச்சிக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். ஆனா ஊர்த் தண்ணியில ஒரு சொட்டுலகூட கை வச்சவர்னு யாரும் சொல்ல முடியாது. குற்றாலம் போற ரோட்டோரம் இருபத்திரண்டு தெருவுக்கும் குடிதண்ணி வால்வைத் திறந்து அடைக்கிற வேலை. இத்தனை வருஷமா அவர் திறந்ததுதான் நேரம். இந்த ஆனி மாசம் ஆபீஸ்காரங்க அந்த நேரக் கணக்கைத் தூக்கி, டேஷ்போர்டுன்னு இன்டர்நெட்ல போட்டுட்டாங்க. எந்தத் தெருவுக்கு எப்போ திறந்தது, எப்போ அடைச்சது, என்ன புகார், எல்லாத்தையும் யாரும் போன்ல பாக்கலாம்.

முதல் வாரமே வம்பு வந்துச்சு. மேட்டுத் தெருவுல கடைசி வீட்டு நஸீபா, போனைத் தூக்கிக்கிட்டு அவர் முன்னால வந்து நின்னா. புருஷன் துபாய்ல, வீட்டுல மூணு பிள்ளைங்க.

"அண்ணாச்சி, ரெண்டு மணி நேரம் திறந்ததா இதுல போட்டிருக்கு. எனக்கு நாலு குடம்கூட நிறையல. சீசன் வந்தா லாட்ஜுக்குத் தண்ணி ஓடுதுன்னு ஊரே சொல்லுது, பொய்யா?"

"யாரைப் பாத்து என்ன பேச்சு பேசுத? போம்மா அங்கன!"

அன்னைக்குச் சாயங்காலமே டேஷ்போர்டுல புகார் ஏறிடுச்சு. 'மேட்டுத் தெரு தண்ணியை பிச்சைமணி விற்கிறார்.' எழுதின ஆள் பேர் இல்ல, இவர் பேர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. பண்பொழியில கட்டிக்கொடுத்த மக நிவேதா போன் பண்ணி, "அப்பா, எங்க அத்தை வாசிச்சிட்டு என்னன்னு கேக்காங்க"ன்னு அழுதா. மனுஷனுக்குச் சோறு இறங்கல.

சூப்பர்வைசர் விஜய்பாண்டி ஒரு வழி சொன்னான். "இனிமே அரை மணி நேரம்னு போடுங்க அண்ணாச்சி. மோட்டார் கோளாறுன்னு சொல்லிருவோம், சண்டை ஓஞ்சிரும்."

"நல்லாருக்குலே நீ சொல்லுதது! குறைச்சுப் போட்டா, களவாணின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும்?"

அடுத்த முறை தண்ணி விடுத அன்னைக்கு நேரா நஸீபா வீட்டுக்குப் போனார். "வாம்மா, நான் திறக்கேன், நீ கூட நின்னு பாரு. எந்த வீட்டுல எப்படி வருதுன்னு உங்க தெரு குரூப்புல எல்லாரும் போடட்டும்."

அவ முறைச்சுக்கிட்டேதான் வந்தா. வால்வு திறந்ததும் செய்தி மேல செய்தியா விழுந்துச்சு. முதல் ஒம்பது வீட்டுல கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. பத்தாவது வீட்டுல இருந்து நூல் மாதிரி வருது. ரெண்டு மணி நேரமும் அப்படியேதான்.

நஸீபா மறுபடி மறுபடி பாத்தா. "அண்ணாச்சி, ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல என்ன இருக்கு?"

அவருக்குச் சுருக்குன்னுச்சு. "அட பாவிகளா! அங்கன ஒரு சின்ன வால்வு உண்டும்மா. சிமெண்ட் ரோடு போட்டவனுவ அதுக்கு மேலயே பூசிட்டுப் போயிட்டானுவ. அது திறந்துதான் கிடக்குன்னு நானும் சும்மா இருந்துட்டேனே!"

மறுநாள் ரோட்டை உடைச்சுப் பாத்தா, வால்வு முக்காவாசி அடைஞ்சு துருவேறிக் கிடக்கு. அண்ணாச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருகினார். கொஞ்ச நேரத்துல, தெருக்கோடியில பிள்ளைங்க போட்ட கூச்சல் அவர் காது வரைக்கும் வந்துச்சு.

நஸீபா ஈரக்கையோட ஓடி வந்தா. முந்தானையில கையைத் துடைச்சுட்டு, போன்ல அந்த டேஷ்போர்டுலயே எழுதிப் போட்டு அவர்கிட்ட காட்டினா. 'பிச்சைமணி அண்ணாச்சி தண்ணியை விற்கவில்லை. பழி போட்டது நான். நஸீபா, மேட்டுத் தெரு கடைசி வீடு.'

"உன் பேரு எதுக்கும்மா?"

"உங்க பேரைப் போட்டுத்தான அண்ணாச்சி அசிங்கப்படுத்தினேன். என் பேரும் ஊருக்குத் தெரியட்டும்."

அண்ணாச்சிக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே மகளுக்குப் போன் போட்டார். "ஏட்டி நிவேதா, உங்க அத்தையை இப்பம் ஒருதரம் பாக்கச் சொல்லு. சத்தமா வாசிக்கச் சொல்லுட்டி!"