உச்சி வெயிலில் ஒரு புதுச்சேரி

பாலகுருவுக்கு உட்கார்ந்தால் பேச்சு வராது. நடந்தால்தான் வரும். இதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத ஆள் அந்த ஷார்ஜா லேபர் கேம்ப்பில் கிடையாது. கட்டிலில் உட்கார வைத்து ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டால் தொண்டை அடைத்துக்கொண்டு முழிப்பான். அதையே பஸ்ஸிலிருந்து இறங்கி சைட்டுக்கு நடக்கும்போது கேட்டுவிட்டால் தீர்ந்தது, அப்புறம் அவன் வாயை மூட வைக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும்.

இப்போது அந்த வாயை நம்பித்தான் அவன் பிழைப்பே இருந்தது. 2009ஆம் வருஷம் அது. கட்டிடங்கள் பாதியில் நின்றுபோய், கம்பெனி ஆட்களை வண்டி வண்டியாக ஏர்போர்ட்டில் கொண்டுபோய்த் தள்ளிக்கொண்டிருந்தது. கம்பி கட்டும் வேலைக்கு வந்த பாலகுருவுக்கும் கூடிய சீக்கிரம் டிக்கெட் வரும் என்று தெரிந்துபோயிற்று. அழுது என்ன ஆகப்போகிறது? போகத்தான் வேண்டும் என்றால் கையில் ஒரு வேலையோடு போவது, வெறுங்கையை வீசிக்கொண்டு போய் இறங்குவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றான்.

வேலையும் ஒன்று இருந்தது. அவன் அக்கா ஜோதிமணி புதுச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருப்பவள். அவள்தான் சொன்னாள். காரைக்கால்காரம்மா ஒருவர், ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்று பெயர், பிரெஞ்சுக்காரன் கட்டிய பழைய தெருக்களை டூரிஸ்ட்டுகளுக்கு நடந்தே சுற்றிக்காட்டுகிற தொழில் நடத்துகிறார். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு நல்ல தமிழில் கதை சொல்ல ஆள் இல்லை. பாலகுரு அதே ஊர்க் குருசுக்குப்பத்துக்காரன். அந்தத் தெருக்களில் டயர் உருட்டி வளர்ந்தவன். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

அந்தம்மா போன் செய்தார். பாலகுரு மரியாதையாகக் கட்டிலில் உட்கார்ந்து பேசினான். பேசினான் என்று சொல்வது தப்பு. "ஹலோ" என்றான். பிறகு "ஆமாங்க" என்றான். அதோடு சரி.

"தம்பி, பூரா நேரமும் நானேல்ல பேசிட்டிருக்கேன்" என்று அந்தம்மா சிரித்தார். "உங்க அக்கா முகத்துக்காக இன்னொரு தரம் கூப்பிடுறேன். அடுத்த மாசம் மொத வியாழக்கிழம மத்தியானம். போன்லயே என்னைய நடத்திக் கூட்டிட்டுப் போகணும். அன்னைக்கும் இப்படித்தான்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்."

அன்றிலிருந்து லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்பே புதுச்சேரி ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாய்தான் கடற்கரை காந்தி சிலை. மேலே இருக்கிற டேங்க் பழைய லைட்ஹவுஸ். துணி காயப்போடும் இடம் பார்க், அதன் நடுவில் ஆயி மண்டபம். மெஸ்தான் துமாஸ் தெருவில் கடலைப் பார்த்து நிற்கும் கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயில். பாலகுரு நடப்பான், நடக்க நடக்கச் சொல்வான். எல்லாம் சொல்லி முடித்ததும் திரும்பவும் குழாயடிக்கு வருவான்.

முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் சிரித்தார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்து மாயாண்டிதான் ரொம்பச் சிரித்தான். ஆள் குள்ளம், வாய் நீளம். ஆனால் ஆயி கதையைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ராஜா ஒருத்தன் விளக்கு வரிசையைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டான், அது ஒரு தாசியின் வீடு என்று தெரிந்ததும் அதை இடிக்கச் சொன்னான். அவள் தன் வீட்டைத் தன் கையாலேயே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று ஒரு கதை. பின்னால் வந்த பிரெஞ்சுக்காரன் அவளுக்கு மண்டபம் கட்டி வைத்தான் என்று பாலகுரு சொன்னபோது, காலி பக்கெட்டோடு வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டு அவனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"அந்தப் பொம்பளைக்கு இருந்த ரோசத்தப் பாருங்கடா" என்றான் மாயாண்டி. அடுத்த வெள்ளிக்கிழமை அவனே எல்லோரையும் எழுப்பிவிட்டான்.

பாலகுருவுக்கு அந்த மாதம் நைட் டியூட்டி. மத்தியானம் கேம்ப்பில்தான் இருப்பான் என்பதால் கவலையில்லை. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் டைம்கீப்பர் வந்து, நாளையிலிருந்து பகல் டியூட்டி என்று சொல்லிவிட்டுப் போனான். லீவு கேட்டால் அப்போதே டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள். சைட்டிலோ குழாயும் கிடையாது, மெஸ்ஸும் கிடையாது, பொட்டல் மணல். பாலகுரு தலையில் கை வைத்துக்கொண்டான். எங்கே பார்த்து எங்கே நடப்பது? கண்ணுக்கு ஒரு இடம் தெரியாவிட்டால் அவனுக்குக் காலும் ஓடாது, நாக்கும் ஓடாது.

"கட்டடம் இல்லாட்டி என்ன மாப்ள, ஆளுக இருக்கம்ல?" என்றான் மாயாண்டி. "ஆளுக்கு ஒரு கட்டடமா நிக்கிறம். நீ பாத்து நட."

"வெளையாடாதண்ணே."

"எவன்டா வெளையாடுறான்? அதுல நெட்டையா நிக்கிறது எது?"

"லைட்ஹவுஸு."

"அப்ப அது நாந்தேன். வேற எவனும் கேக்கப்படாது."

ஜூலை மாதம் மத்தியானத்தில் வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். மூன்று மணிவரை எல்லோரும் நிழலில் கிடக்க வேண்டும், மீறினால் கம்பெனிக்கு அபராதம். அந்த நேரத்தில்தான் அந்தம்மாவும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஷெட்டுக்குள் சாய்ந்தபோது நான்கு பேர் மட்டும் வெளியே வந்தார்கள். ஒல்லிக்குச்சி விமல் கையில் ஒரு கம்பியை ஊன்றிக் காந்தி சிலையாக நின்றான். இரண்டு பேர் எதிரெதிராக நின்று தலைக்குமேல் கைகோத்து மண்டபமானார்கள். மாயாண்டி தலையில் துண்டைப் போட்டு, அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்றான். கோயிலுக்குத்தான் ஆள் பற்றவில்லை. சிலை வேலை முடிந்ததும் விமலே ஓடிப்போய்க் கோயிலாக நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

போன் அடித்தது. பாலகுரு எடுத்துக் காதில் வைத்தான். விமலைப் பார்த்தான், ஓரடி எடுத்து வைத்தான்.

"வாங்கம்மா. கடலுக்கு முதுகைக் காட்டிட்டு நில்லுங்க, காத்து நல்லா வரும். இவர்தான் நம்ம காந்தி. எப்பப் பாத்தாலும் நடந்துக்கிட்டே இருக்காரு பாருங்க, அதனால நாமளும் நடந்தே சுத்துவோம்."

அந்தம்மா "உம்" என்றார். பேச்சு வந்துவிட்டது. பாலகுரு மாயாண்டியை நோக்கி நடந்தான்.

"தம்பி, எனக்குக் காலு வலிக்குது, வெயில் தாங்கல" என்றார் அந்தம்மா திடீரென்று. "இந்த லைட்ஹவுஸ் நெழல்ல நிக்கிறேனே?"

பாலகுரு மாயாண்டியின் காலடியைப் பார்த்தான். அவன் நிழல் அவன் பூட்ஸைக்கூடத் தாண்டவில்லை.

"உச்சி வெயில்ல எவ்ளோ பெரிய லைட்ஹவுஸா இருந்தாலும் நெழல் அதும் காலடியிலதாம்மா கெடக்கும். பார்க்ல மரம் இருக்கு, அங்க உக்காருங்க. ஆயி கதைய அங்க வச்சுச் சொல்றேன்."

மண்டபம் கைகோத்தபடி வியர்வையில் நனைந்து நின்றது. கதையைச் சொல்லி முடிக்கும்வரை அந்தம்மா "உம்" கொட்டிக்கொண்டே இருந்தார். இனி கோயில் ஒன்றுதான் பாக்கி. பாலகுரு திரும்பினான். ஓடி வந்த விமலின் காலரைப் பிடித்தபடி, கோயில் நிற்க வேண்டிய அதே இடத்தில், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார் மலையாளி ஃபோர்மேன் சேதுமாதவன்.

"எடா! வெயில்ல எந்தாடா களி? எல்லாம் ஷெட்டுக்குப் போடா! இன்ஸ்பெக்டர் வந்தா ஃபைன் ஆரு கெட்டும்? யல்லா!"

ஒருவரும் அசையவில்லை. மண்டபம் பிரியவில்லை. மாயாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

"அங்க என்ன தம்பி சத்தம்?"

பாலகுரு போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். நின்றால் போச்சு என்று தெரியும். சேதுமாதவனை நோக்கி நடந்தான்.

"எங்க ஃபோர்மேன்மா. வெயில்ல நிக்காதன்னு சத்தம் போடுறாரு. முடிச்சிட்டுத்தான் போவேன்."

"வெயில்லயா நின்னு பேசுறீங்க?"

"நான் மட்டும் இல்லம்மா. காந்தி செல, லைட்ஹவுஸு, மண்டபம் எல்லாருமே எனக்காக வெயில்லதான் நிக்கிறாங்க. இவங்க நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

"முடிங்க தம்பி, நான் கேக்குறேன்" என்றது குரல். முன்னைவிட மெதுவாக.

பாலகுரு சேதுமாதவனுக்கு நேர் எதிரே வந்து, செருப்பைக் கழற்றுகிறவன் போல ஒரு காலைத் தூக்கினான்.

"இதுதாம்மா கப்ஸ் கோயில். இடுப்புல கைய வச்சிக்கிட்டுக் கடல மொறைச்சுப் பாக்குற மாதிரி நிக்கும். வெளியில நின்னு பாத்தா பயமாத்தான் இருக்கும். உள்ள வந்துட்டீங்கன்னா அப்படி ஒரு குளுமை. வந்தவங்க யாரையும் தொரத்தாது."

சேதுமாதவன் தன் இடுப்பிலிருந்த கையைக் குனிந்து பார்த்தார். விமலின் காலரை விட்டார். இடுப்பிலிருந்து கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். கோயில் கடைசிவரை நின்றது.

"மார்கழியில கூட்டம் வரும். அதுக்கு முன்னாடி வந்து சேந்துடுங்க" என்றார் அந்தம்மா.

பாலகுரு போனை மடித்துப் பையில் போட்டான். அப்புறம்தான் அழுதான். மாயாண்டி தலை சுற்றி, விமலின் தோளில் சாய்ந்தான். எல்லோரையும் ஷெட்டுக்குள் விரட்டி மோர் வாங்கிக் கொடுத்தவர் சேதுமாதவன். "ஞான் எந்தாடா, பள்ளியோ?" என்று அவர் அன்றைக்குப் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பாஷையில் பள்ளி என்றால் மாதா கோயில்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சிக் குடும்பம் ஒன்றை பாலகுரு கடற்கரையில் நடத்திக்கொண்டு போனான். பின்னால் யாரோ கனமான பையை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினான். மாயாண்டி. விசா கேன்சலாகி, மெட்ராஸில் இறங்கி, ஊருக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தான். முகம் கறுத்து, ஆள் பாதியாகியிருந்தான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற வெட்கம் அவன் நடையிலேயே தெரிந்தது.

"நான் நின்ன எடம் எங்கிட்டுடா மாப்ள?" என்றான் மாயாண்டி.

பாலகுரு அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், திருச்சிக்காரர்களின் முன்னால் லைட்ஹவுஸின் அடியில் நிறுத்தினான். மாயாண்டி பையைக் கீழே வைத்தான். கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்தான்.

"இம்புட்டு ஒசரமாவாடா நின்னேன் நானு?"