வீட்டுக்காரருக்குத் தெரியாமல்

எனக்கு மட்டும் வீட்டுக்காரராக இருந்த மனுஷர், போன வருஷக் கடைசியில் இன்னொரு குடும்பத்துக்கும் வீட்டுக்காரர் ஆனார். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான்தான். இப்போது அந்த வார்த்தை காதில் விழுந்தாலே உடம்பு கூசுகிறது.

இருந்த சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு, பேங்கிலும் கடன் வாங்கி, மாடியில் இரண்டு அறை உள்ள ஒரு சின்ன வீடு வாங்கினோம். வாடகைக்கு விடத்தான். யோசனை என் அண்ணனுடையது. அவனுக்கு வாடகைக்கு விட்ட வீடே நாலு இருக்கிறது. குடும்பத்தில் அவனை நாலு வீட்டு அண்ணன் என்றுதான் சொல்வோம்.

"மொத மொத வாங்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு, தனக்குப் புடிச்ச வீட்ட வாங்கறது. நீயா இருக்கப் போற? குடி வர்றவங்களுக்குப் புடிக்கணும். பஸ் ஸ்டாப் பக்கமா இருக்கணும், தண்ணி வரணும், அவ்வளவுதான். வாடகைய கொஞ்சம் கம்மியாவே சொல்லு. வீடு பூட்டிக் கெடந்தா அதுதான் பெரிய நஷ்டம். ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வை" என்றான்.

எல்லாம் நல்ல புத்திதான். இதோடு அவன் வாயை மூடியிருக்கலாம்.

"ஆனா ஆள் கணக்குல கறாரா இரு. ரெண்டு பேர்னு சொல்லி வந்து ஆறு பேர் இருப்பாங்க. ஆள் கூடினா தண்ணி கூடும், தண்ணி கூடினா செவுத்துல ஓதம் ஏறும். அப்பப்ப சொல்லாம கொள்ளாம போய் நில்லுங்க. சிரிச்சு மட்டும் பேசிடாதீங்க. சிரிச்சா வாடகை தானா லேட்டாகும்."

என் வீட்டுக்காரருக்குச் சிரிக்காமல் பேசவே வராது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவர். 'இது தெளிவா தெரியுதுங்களா, அது தெளிவா தெரியுதுங்களா' என்று நாள் முழுக்கக் குழைந்தே பழகியவர். அவரைப் பிடித்து நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தி, மூஞ்சியை எப்படி உர்ரென்று வைத்துக்கொள்வது என்று பாடம் எடுத்தது நான்.

"புருவத்தச் சுருக்குங்க. குரல இன்னும் எறக்குங்க. அய்ய, இது கோவம் இல்ல, வயித்துவலி!"

குடி வந்தது ஒரு லாரி டிரைவர் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. அவர் வண்டி எடுத்தால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் துணிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பாள். பெரியவர்கள் இரண்டு, குழந்தை ஒன்று, அதற்கு மேல் ஓர் ஆள் வந்து தங்கினாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அட்வான்ஸ் வாங்கும்போதே கண்டிப்பாகச் சொல்லியாயிற்று.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்ற போதெல்லாம் வீடு துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பாத்ரூம் கதவு மட்டும் திறக்காது.

"தாழ்ப்பாள் சிக்கிக்குச்சு சார்" என்பாள்.

"வீட்ட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா? உங்க செலவுல சரி பண்ணுங்க" என்று இவர் இறக்கிய குரலில் சொல்வார். அப்புறம் உட்கார்ந்து, அவள் கொடுக்கும் டீயைச் சாவகாசமாகக் குடிப்பார். படியிறங்கியதும் என் காதருகில், "நல்லா பண்ணேனா?" என்று கேட்பார்.

"பிரமாதம்" என்பேன்.

போன வாரம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள், தனியாகவே மாடி ஏறினேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. தட்டக் கை ஓங்கினபோது உள்ளே அவள் குரல் கேட்டது.

"மாமா, சொன்னா கேளுங்க. வாசப் பக்கம் வந்து நிக்காதீங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என் கதி அவ்வளவுதான்."

உள்ளே ஒரு ஆம்பிளை இருமினார். ஓங்கின கை அப்படியே நின்றது. மாமாவாமே, மாமா! புருஷன் ரோட்டுப் புழுதியைத் தின்றுகொண்டு வண்டி ஓட்டுகிறான், இங்கே இவளுக்குக் கொஞ்சலைப் பார் என்று எனக்கு வயிறு எரிந்தது. சத்தமில்லாமல் இறங்கி, பஸ் ஸ்டாப்புக்கு வந்து, லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். அவர் பாவம் என்று நினைத்தது பாதிதான். வீட்டுக்குக் கெட்ட பேர் வந்தால் அடுத்து யாரும் குடி வரமாட்டார்களே என்ற பயம்தான் மீதி.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இல்லாத நேரத்துல வீட்டுல ஒரு ஆம்பள இருக்காரு. வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க சம்சாரம் அவர்கிட்ட சொன்னத என் காதால கேட்டேன்."

வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, அவ என்னை வீட்டுக்காரர்னு சொன்னதே கெடையாது. பாப்பா அப்பான்னுதான் சொல்லுவா. அவ சொன்னது உங்க வீட்டுக்காரர."

எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

"உள்ள இருக்கறது எங்கப்பா. கால் ஒடஞ்சு ஆபரேஷன் ஆச்சு, பாத்துக்க ஆளில்லாம கூட்டிட்டு வந்தோம். உங்ககிட்ட கேக்கணும்னுதான் இருந்தோம். சார் மொகத்தப் பாத்தா வாயே வரல. உங்க பைக் சத்தம் கேட்டா போதும், அவர பாத்ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய், பக்கெட்டக் கவுத்துப் போட்டு உக்கார வெச்சுடுவா."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ உளறினேன்.

"நீங்க நெனச்சத மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா. தாங்க மாட்டா" என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். என்னிடம் போய்க் கெஞ்சுகிறாரே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி அந்தப் படி ஏறுவது?

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவர் உள்ள உக்காந்திருக்கறப்பவா நான் டீ குடிச்சேன்?"

நடுவில் அண்ணன் போன் செய்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆள் கூடிருச்சுல்ல, அப்ப வாடகைய ஏத்து" என்றான். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் இருவருமாகப் போனோம். பைக்கை நிறுத்தினதுமே மாடியில் பாத்ரூம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் இருக்கும், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

கதவைத் திறந்தவள், "தாழ்ப்பாள் இன்னும் சரி பண்ணல சார்..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் தெரியும்மா. உன் மாமனார வெளிய வரச் சொல்லு" என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு மாசம் டைம் குடுங்கக்கா. பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், வேற வீடு பாத்துடறோம்."

"யாரும் எங்கயும் போக வேணாம். அவர் இங்கயே இருக்கட்டும். தப்பு எங்க பேர்லதான்."

நம்பாமல் பார்த்தாள். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களப் போய் தப்பா நெனச்சுட்டேனேக்கா!"

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அவள் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. கூனிக் குறுகி நின்றேன்.

உள்ளேயிருந்து பெரியவர் குரல் மெல்லக் கேட்டது. "வீட்டுக்காரர் போயிட்டாராம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் பாத்ரூம் கதவருகில் போய்விட்டார். கடையில் பேசுகிற குரலில், "போயிட்டாருங்க. மெதுவா வாங்க, தரை ஈரமா இருக்கும்" என்றார்.

தாழ்ப்பாள் சிக்கவெல்லாம் இல்லை. ஒரே இழுப்பில் திறந்தது. பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். வேட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது. இவர் தோள் கொடுத்தார். அவரும் தயங்காமல் அதில் சாய்ந்துகொண்டு நாற்காலி வரைக்கும் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிந்ததும் இவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"தம்பி யாரு? தெரியலையே."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.