பலகை கேட்ட உறுமி

"வெறுந்தரையில வைக்காதலே. ரப்பர் போட்டு வையி" என்றாள் வீரலட்சுமி. அவள் ஒரு கையில் கஞ்சித் தம்ளர் இருந்தது, மறு கை கட்டிலில் கிடந்த புருஷனின் தாடையைத் தாங்கியிருந்தது.

மகன் விக்னேஷ்குமார் நிமிரவில்லை. இடுப்புயர இரும்பு ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் நாலு மூலைக்கும் கூரான முனைகளைத் திருகிக்கொண்டிருந்தான். மதுரையில் பாட்டுப் பெட்டிகள் விற்கிற பெரிய கடையில் அவனுக்கு வேலை. காலையில்தான் ஒரு ஜோடி ஸ்பீக்கரோடு வாடகைக் காரில் வந்து இறங்கியிருந்தான்.

"எல்லாம் கொண்டாந்திருக்கேம்மா. முனைக்கு அடியில பித்தளை வில்லை, அதுக்கும் அடியில ரப்பர். பொட்டியோட அதிர்வு அம்புட்டையும் ரப்பரு முழுங்கிரும். தரைக்குப் போகாது. ஒன் டைல்ஸுல ஒரு கீறல் விழாது."

"அதத்தான் போன்லயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

கண்ணுச்சாமி ரெண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். "இன்னைக்கோ நாளைக்கோ, வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி ஒரு பொழுது கழிந்திருந்தது.

முப்பத்தோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு லோடிலும் நாலைந்து வெடியை உருவிக்கொண்டு பொட்டலுக்குப் போவார். பற்றவைத்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வந்து சொல்வார். கேட்டுக் கேட்டே காது போயிற்று. கடைசி ஆறு வருஷமாக அவர் காதுக்குள் எதுவும் நுழையவில்லை. மிஷின் வாங்கி மாட்டினார்கள். "உள்ள கடல்தான் எரையுது" என்று கழற்றி வைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு வாரமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நடந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இந்த வருசம் உறுமி கேக்கலையே. ஒருக்கா கேட்டுட்டாப் போதும்." விக்னேஷ்குமார் மேளக்காரர்கள் பக்கத்திலேயே நின்று பதிவு பண்ணி வைத்திருந்தான். நல்ல ஸ்பீக்கராக, அடித்தொண்டைச் சத்தம் அப்படியே வருகிற மாதிரி ஒன்று வைத்தால் செத்த காதிலும் கொஞ்சம் ஏறாதா என்பது அவன் எண்ணம்.

"காது கேக்காத மனுசன் போன வருசம் மட்டும் எதக் கேட்டாராம்?" சுவரோரம் உட்கார்ந்திருந்த பொன்னுத்தங்கம் கேட்டாள். கண்ணுச்சாமியின் தங்கச்சி. ஆனைக்குட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். "முழுப்பொங்கலும் உறுமிக்காரன் வயித்துல ஒட்டிக்கிட்டுல நின்னாரு. எம் மாப்பிள்ள வீட்டாளுக பாத்துச் சிரிச்சாக மயினி. எனக்கு மானமே போச்சு."

"ஒனக்கு எப்பத்தான் போகல" என்றாள் வீரலட்சுமி.

விக்னேஷ்குமார் ஸ்டாண்டுகளை நிமிர்த்தினான். நூல் பிடித்து அளந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக, அப்பாவின் காது உயரத்துக்கு ஸ்பீக்கரை ஏற்றி, முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தான். போனைத் தட்டினான்.

உறுமி ஊம்ம் என்று எழுந்தது. பின்னாலேயே பம்பை. வீடு நிறைந்துவிட்டது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொன்னுத்தங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கண்ணுச்சாமி மகன் முகத்தைப் பார்த்தார். "எப்பய்யா போடுவ?"

அவன் சத்தத்தைக் கூட்டினான். அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது.

"கரண்டு இல்லையா?" என்றார்.

விக்னேஷ்குமார் உதட்டைக் கடித்துக்கொண்டான். கண் கலங்கியதை மறைக்கவோ என்னவோ, வயரில் கோளாறு என்று முணுமுணுத்தபடி இந்தப் பக்கத்து ஸ்பீக்கரைத் தூக்கினான். கீழே வைத்தால் அம்மாவின் டைல்ஸ் கீறும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில், மெத்தை எட்டாத வெறும் பலகையில் வைத்தான். அது பாடிக்கொண்டேதான் இருந்தது.

கண்ணுச்சாமியின் புருவம் ஏறியது. பக்கவாட்டில் கிடந்த கை நகர்ந்து கட்டில் சட்டத்தைத் தொட்டது.

"வந்துட்டானுக" என்றார். "நம்ம ஊரு உறுமி."

வயர் சரியாகத்தான் இருந்தது. விக்னேஷ்குமார் பெட்டியை எடுத்து மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினான். சட்டத்தில் இருந்த கை தடவித் தேடியது.

"எங்கலே போயிட்டானுக?"

வீரலட்சுமி எழுந்துவிட்டாள். "எறக்கு."

"எத?"

"ரெண்டையும். எறக்கிப் பலகையில வையி."

"அம்மா, ஸ்டாண்டுல இருந்தாத்தான் காதுக்கு நேரா வரும். பலகையில வச்சாச் சத்தம் கெட்டுப்போகும். கட்டிலு பூராம் அதிரும்."

"அதிரட்டும்லே. ஒங்கப்பாவுக்குக் காது இப்ப அங்கனயா இருக்கு?"

அவன் அம்மாவையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தான். அப்புறம் ஸ்பீக்கர்களை இறக்கினான். பொன்னுத்தங்கம் தானாக வந்து மெத்தையின் கால்பக்கத்தைச் சுருட்டினாள். மெலிந்த கால்களுக்கு இருபுறமும் இரண்டு பெட்டிகள் உட்கார்ந்தன. வீரலட்சுமி புருஷனின் கைகளை எடுத்து, உள்ளங்கை பதிய, ஒன்றை இந்தச் சட்டத்திலும் மற்றதை அந்தச் சட்டத்திலும் வைத்தாள். போன வருஷம் கும்பலுக்குள் போய் அவரை இழுத்து வந்ததே அவள்தான். "பைத்தியக்காரன்னு நெனைப்பாக, வாங்க" என்று சொல்லித்தான் இழுத்தாள்.

சத்தம் கரகரத்தது. பலகை குமுறியது. கண்ணுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆள்காட்டி விரல் தாளம் போட ஆரம்பித்தது.

"ரெண்டாவது பம்பைக்காரன் பிந்துறான்" என்றார்.

விக்னேஷ்குமாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஆமாம்மா. அவன் புது ஆளு. வெம்பக்கோட்டைப் பய. அன்னைக்கே எல்லாரும் அவன ஏசுனாக."

"பாத்தியா தங்கம்" என்றாள் வீரலட்சுமி. "கேட்டாராக்கும் ஒங்கண்ணன்."

பொன்னுத்தங்கம் அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலில் வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு மேளம் முடிந்து அடுத்தது பிடித்தது. இடையில் ஒரு தரம் கண்ணுச்சாமி கண்ணைத் திறந்து வீரலட்சுமியைப் பார்த்தார். அவள் இந்தமுறை அவரை எங்கேயும் இழுக்கவில்லை. அவர் திரும்பவும் மூடிக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பொன்னுத்தங்கம்தான் முதலில் சொன்னாள்.

"மயினி... காலு சில்லிட்டுப் போச்சு."

"கெழட்டு ரெத்தம். அப்படித்தான் இருக்கும்."

"நெஞ்சப் பாருங்க மயினி. ஏறி எறங்கல."

வீரலட்சுமி நெஞ்சைப் பார்க்கவில்லை. சட்டத்தின் மேல் கிடந்த கையையே பார்த்தாள். விரல்கள் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"இருக்காக. வெரலப் பாரு. தாளம் போடுறாகள்ல."

விக்னேஷ்குமார் விரல்களைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். போன் இருந்த கை தானாக முன்னால் வந்தது. "அம்மா... நிறுத்திப் பாக்கட்டுமா?"

அவள் முந்தானையால் புருஷனின் கடைவாயைத் துடைத்துவிட்டாள். பிறகு தலையை அசைத்தாள்.

உறுமி பாதியில் அறுந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டத்தின் மேல் விரல்கள் நின்றுபோயிருந்தன.

பொன்னுத்தங்கம் மாரில் அடிக்கக் கையை ஓங்கி, "அண்ணே..." என்று வாயெடுத்தாள். வீரலட்சுமி எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்த இரு."

அப்புறம் மகனைப் பார்த்தாள். "போடுலே" என்றாள்.

"அம்மா..."

"போடு. முடியட்டும்."

விட்ட இடத்திலிருந்து உறுமி எழுந்தது. பலகை குமுறியது, சட்டத்தின் மேல் விரல்கள் மறுபடி அசைந்தன.