நாற்பது நாள் சூடு

எனக்கு மணிக்கட்டு நோய் வந்தது முதல் பிரசவத்தின் ஒன்பதாம் நாளில். உறைபனி விழும் முன் தாங்குய் வேரைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். மண் இறுகிவிட்டால் வேர் பாதியில் முறியும், முறிந்த வேரை யாரும் தொடமாட்டார்கள். பெண்களின் இரத்தத்துக்கு அதைவிட மருந்து இல்லை என்று நாடெங்கும் வாங்கிப் போகும் வேர். எங்கள் மலையில் அதை விட்டால் பிழைப்பு கிடையாது.

அடியில் தீ எரியும் மண் கட்டிலில் பிள்ளையோடு படுத்திருந்தேன். மாமியார் வந்து போர்வையை விலக்கினாள்.

"எந்திரிடி சாய்ஃபெங். தோண்டவா கூப்பிடறேன்? மண்ணத் தட்டிப் போடத்தானே."

"பிள்ள பெத்துப் படுக்கற மாசம் முடியலையே அத்தை."

"நீ மாசம் முடிச்சு வர்ற வரைக்கும் பனி வாசல்ல காத்துக்கிட்டு நிக்குமா?"

போனேன். ஈர மண், குளிர்காற்று, நான்கு நாள். அடுத்து வந்த வசந்தத்தில் ஒரு துணியைப் பிழியக்கூட என் கை உதவவில்லை.

கீழூரில் ஹோவ் வைத்தியர் இரண்டு கையிலும் நாடி பார்த்தார். "பிள்ள பெத்தப்போ ஒடம்புல மூட்டெல்லாம் தெறந்து கெடந்துச்சு. அப்ப குளிர் உள்ள பூந்துருச்சு. அப்புறம் மூட்டு மூடிக்கிச்சு. இனி அது வெளிய வரணும்னா மறுபடி தெறக்கணும்."

"எப்பங்க தெறக்கும்?"

"இன்னொண்ணு பெத்துக்க. குளிர்காலத்துல பெத்துக்க, அப்பத்தான் ஒடம்பு உள்ள போறதச் சேத்து வைக்கும். நாப்பது நாள் சூடு கொறையாம படு. ஆட்டுக்கறி, இஞ்சி, தாங்குய் போட்டுக் காய்ச்சிக் குடி. கட்டில் மட்டும் ஆறக் கூடாது, பாத்துக்க."

முதல் பிள்ளை பெண் என்றால் நான்கு வருடம் கழித்து இன்னொன்று பெறலாம், அதற்குமேல் கூடாது என்பது அப்போதைய சட்டம். ஆக எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு. நான்கு வருடம் அந்தக் கையோடு நட்டேன், களை எடுத்தேன், தோண்டினேன், வேரைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் புகையில் தொங்கவிட்டேன். பிரசவம் பன்னிரண்டாம் மாதத்தில் விழும்படி நாள் எண்ணி, அதன் பிறகுதான் கணவனை அருகே விட்டேன்.

"நாத்து நடறதுக்குக்கூட இவ்வளவு நாள் பாக்கமாட்டாங்கடி" என்று சிரித்தான் பாவ்செங்.

"உங்க கை வலிச்சா நீங்களும் பாப்பீங்க."

ஒரு கிடாயும் வளர்த்தேன். வேர்க்கழிவும் புல்லும் என் கையாலேயே போட்டேன். அதன் கழுத்தைத் தடவும்போதெல்லாம் எனக்குச் சூப்பின் வாசனைதான் வரும். பாவம்தான், என்ன செய்ய.

எண்ணியபடியே பன்னிரண்டாம் மாதம் நான்காம் தேதி பிறந்தது. மறுபடியும் பெண். மாமியார் பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, உன் கைக்காகத்தானே பெத்த" என்றாள். ஆனாலும் கிடாயை வெட்டினார்கள். கட்டில் இரவும் பகலும் சூடாக இருந்தது. இஞ்சி மணக்கும் சூப்பைக் குடித்துவிட்டுக் கையைக் கட்டிலின் சுட்ட மண்ணில் பதித்துப் படுத்திருப்பேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, விரலை மடக்கினேன், மடங்கியது. அழுதுவிட்டேன். அழுதால் கண் கெட்டுப்போகும் என்று பாவ்செங் பதறித் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

பதினோராம் நாள் கொழுந்தன் மனைவி ருயிலியனுக்கு வலி கண்டது. ஆண் பிள்ளை. வாசலில் பட்டாசு வெடித்தார்கள்.

பிள்ளை பெற்று மாதம் காக்கும் இரண்டு பெண்கள் ஓர் அறையில் படுத்தால் ஒருத்தியின் பால் மற்றவளிடம் போய்விடும் என்பது எங்கள் பக்க நம்பிக்கை. வீட்டில் நன்றாக எரியும் கட்டில் ஒன்றுதான். மேற்கு அறைக் கட்டிலுக்குப் புகைவழி அடைத்துக் கிடந்தது. தீ போட்டால் அறையெல்லாம் புகை, போடாவிட்டால் சுவரில் பனி பூக்கும்.

மாமியார் என் போர்வையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "பேரனோட பால் உன்கிட்ட வந்துறக் கூடாது. மேற்கு ரூமுக்குப் போ."

"அத்தை, நாப்பது நாள் சூடு வேணும்னு வைத்தியர் சொன்னாரே. இன்னும் இருபத்தொம்பது நாள்."

"அங்கயும் கட்டில்தானே இருக்கு? வயல்லயா படுக்கச் சொல்றேன்?"

"அந்தக் கட்டில் எரியாதே அத்தை."

"புள்ளையப் பெத்தவ எரியாத கட்டில்ல படுக்கறதா? நீயே சொல்லு."

நானும் பிள்ளை பெற்றவள்தான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ருயிலியனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது. "அக்கா, நான் கேக்கல அக்கா" என்றாள். அவளை என்ன சொல்வது? பாவ்செங் வாசலில் நின்று பட்டாசுக் காகிதத்தைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

மேற்கு அறையில் மாலையில் மட்டும் கொஞ்சம் சாணம் எரிப்பார்கள். புகை தாங்காமல் பிள்ளை இருமும், உடனே அணைத்துவிடுவேன். விடிவதற்குள் கட்டில் கல்லாகிவிடும். சூப்பும் ருயிலியன் அறைக்குப் போனது. எனக்குக் கொழுப்பை வழித்தெடுத்த தண்ணீரும் எலும்பும் வந்தன. கொழுப்பெல்லாம் பால் வர அங்கே வேண்டுமாம். மடங்கிய விரல்கள் இருபதாம் நாளுக்குள் மறுபடி விறைத்துப் போயின. ஆனாலும் நான் வெளியே இறங்கவில்லை. கதவை மூடி, தலையில் துணி கட்டி, நாற்பது நாளையும் அங்கேயே கழித்தேன்.

வசந்தத்தில் மாமியாரே என்னை ஹோவ் வைத்தியரிடம் அழைத்துப் போனாள். நடவு நெருங்கிவிட்டது, கை வேண்டுமே.

"நாப்பது நாள் முழுசாப் படுத்தியா?" என்றார் அவர்.

எனக்கு முன்னால் மாமியார் முந்திக்கொண்டாள். "ஒரு நாள் கொறையலைங்க. கதவத் தாண்டி ஒரு அடி வைக்கல. கிடாயவே வெட்டிப் போட்டோம். ஊர்ல கேட்டுப் பாருங்க."

எல்லாம் உண்மை. வைத்தியர் என்னைப் பார்த்தார். கட்டில் எரியவில்லை என்று சொன்னால், கொழுந்தன் மகன் மேல் பொறாமை என்று வீடு திரும்பும் வழியிலேயே பேச்சு ஆகிவிடும். இரண்டு பெண் பெற்றவள் சொல்வதற்கு வேறு என்ன பொருள் கொள்வார்கள்? தலையை ஆட்டினேன்.

அவர் வெகுநேரம் நாடி பார்த்தார். "அப்ப இது பெத்த மாசத்துல வந்த நோய் இல்ல. இருந்திருந்தா போயிருக்கும். கோவம். மனசுல எதையோ அடக்கி வச்சிருக்கா, அது கல்லீரல்ல தங்கி நரம்பை இழுக்குது." கோபத்துக்கு ஏழு பொட்டலம் மருந்து கட்டிக் கொடுத்தார். அதிலும் தாங்குய் இருந்தது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் மாமியார்.

கடைத்தெருவிலும் நடவு வயலிலும் இது கோப நோய் என்று அவளே எல்லோருக்கும் சொன்னாள். ருயிலியன் மட்டும் ஒருநாள் களத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கட்ட வேண்டிய கட்டுகளைத் தானே கட்டித் தந்தாள். மாமியார் வருவது தெரிந்ததும் எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் கை வலிக்கும்போதெல்லாம் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.