உறைக்கு அடியில் ஒரு மூடி

கண் ஆபரேஷனே வேண்டாம் என்று ஒரு வருஷமாக முரண்டு பிடித்த அப்பா, நேற்றுத்தான் மனம் இறங்கி, "சரி, போலாம்" என்றிருந்தார். இன்றைக்கு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும் என்று தையல் வேலை செய்யும் இளைய மகளுக்கு நன்றாகத் தெரியும்.

மணி எட்டு. அப்பா அவளுடைய காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஆனால் வாசல் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது அக்காவின் பழைய ஆட்டோமேட்டிக் கார். அக்கா விளக்கை அணைக்க மறந்ததில் பேட்டரி செத்து, கியர் 'பார்க்' நிலையிலேயே பூட்டிக்கொண்டிருந்தது. டாக்சி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

அக்கா புருஷன் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சும்மா இருப்பாரா? ஏறி உட்கார்ந்ததும் இடது காலால் இல்லாத கிளட்ச்சைத் தேடினார். பிறகு கியரை இரண்டு கையாலும் இழுத்தார். ஊகும். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

"இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தா கியர் கையோட வந்துடும்," என்றாள் அக்கா.

பின் சீட்டிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "விடும்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இதற்குத்தானே மகள் பயந்தாள்!

அக்காவின் காருக்குள் எட்டிப் பார்த்தபோது, கியரைச் சுற்றியிருந்த துணி உறை கண்ணில் பட்டது. போன மாதம் அவளே தைத்துப் போட்டது. அளவெடுத்தபோது கியருக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி இருந்தது. பார்க்க லட்சணமாக இல்லை என்று அதையும் சேர்த்து மறைத்துத் தைத்திருந்தாள். ஒன்றுக்கும் உதவாத மூடியை எந்தக் கம்பெனிக்காரன் வைப்பான்? அறிவு கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டு, கத்தரியால் தன் தையலைத் தானே பிரித்தாள். மூடியை நெம்பினாள். உள்ளே ஒரு சின்னப் பொத்தான்; கியர் பூட்டை விடுவிக்க என்று அதன் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"அத்தான், முதல்ல கைபிரேக் போடுங்க. சாவியத் திருப்பிட்டு, கால் பிரேக்க மிதிங்க. நான் இத அமுக்கறேன், நீங்க கியர மெதுவா இழுங்க."

"லாரில இந்தக் கூத்தெல்லாம் கிடையாது."

"இது லாரி இல்ல அத்தான்."

கத்தரி முனையால் பொத்தானை அமுக்கினாள். கியர் சத்தமில்லாமல் நியூட்ரலுக்கு வந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கைபிரேக்கை விட, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். கார் உருளத் தொடங்கியது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டுத் திரும்பினாள். அப்பா, தடவித் தடவி வந்து, காரில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏம்ப்பா எறங்கினீங்க?"

"பேசாம தள்ளும்மா," என்றார் அப்பா. "நேரமாகுதுல்ல."