கடைசித் தெளிப்பு

என் மகள் வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். எடுத்ததும், "அம்மா, இலை நுனி கருகியிருக்கா?" என்பாள். நெல்லைத்தான் கேட்கிறாள். என்னை விசாரிக்க வேண்டுமென்றால் நானும் பாத்தியில் முளைத்திருக்க வேண்டும் போல.

அவளுக்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கடல் நீர் ஏறி வயலெல்லாம் உப்புப் பூத்துப்போனதும் அக்கம்பக்கத்தார் நிலத்தைக் கைகழுவிவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஒருத்திதான் வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். பல வருஷம் எட்டிப் பார்க்காதவள், நடவுக்கு முன்னால் திடீரென்று வந்து நின்றாள். அம்மாவைப் பார்க்க இல்லை, உப்பைப் பார்க்க. இருந்தாலும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பாதிப் பாத்திகளுக்கு வளர்ச்சி ஊக்கி. பயிர் உப்பைத் தாங்குவதற்கு. மீதிக்கு வெறும் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. தெளிப்பது என் பொறுப்பு.

"காத்து அடிக்கிறப்ப மட்டும் மருந்து அடிச்சிடாதம்மா. தண்ணிப் பாத்தியில சாரல் பட்டா மொத்தமும் வீண். அடுத்த போகம் நான் வந்து முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அடுத்த போகமும் வருவாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

கடைசித் தெளிப்பு அன்று காலையில் நல்ல காற்று. நேராகத் தண்ணீர்ப் பாத்திப் பக்கம் வீசியது. ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். ஆள் அரவம் இல்லை. கைப்பிடியை நாலு தடவை அழுத்தினால் போதும். அவள் மறுபடி வருவாள். வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு கிடக்கும். குழம்பு சரியில்லை என்று சண்டை பிடிக்கக்கூட வீட்டில் ஆள் இருக்கும்.

மருந்துப் பாத்தி பச்சைப்பசேல் என்று இருந்தது. தண்ணீர்ப் பாத்தி வெளிறிக் கிடந்தது. இந்த வித்தியாசத்துக்காகத்தானே பாவி மகள் நடவு முடிந்தும் சில நாள் தங்கி, வெயிலில் மண்டியிட்டு ஒவ்வொரு தூராக அளந்தாள். அதைக் கெடுக்க எனக்குக் கை வரவில்லை. ஸ்பிரேயரை இறக்கிவைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தேன். பொழுது சாயும்போதுதான் காற்று அடங்கியது. ஒழுங்காக அடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அறுவடைக்கு வேனில் வந்தாள். நெல்லை எடைபோட்டுப் பார்த்தவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"ஜெயிச்சிட்டோம்மா! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

"அப்ப அடுத்த போகம்?"

"இங்க வேலை முடிஞ்சுதும்மா. இனிமே வேற ஊர்ல, வேற மண்ணுல பார்க்கணும்."

அடக்க முடியாமல் சொல்லியேவிட்டேன். "அன்னிக்குக் காத்துலயே அடிச்சிருக்கணும்டி. எல்லாம் வீணாப் போயிருந்தா நீ திரும்ப வந்திருப்பே."

ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் குசும்பு மட்டும் குறையவே இல்லம்மா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேனில் ஏறினாள்.

நானும் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். வேன் முனை திரும்பும்வரை அந்தச் சிரிப்பை எடுக்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் என் முகம் அவளுக்குத் தெரியும்.