அக்கரை கியர் பெட்டி

வெல்கோவின் மோட்டார் சைக்கிளில் மூன்றாவது கியர் நிற்காது. போட்டால் விழும், விழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மேடு கண்ட இடத்தில் ‘டொக்’கென்று எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டும், வண்டி பின்னால் உருளப் பார்க்கும். வண்டியின் பக்கவாட்டில் இணைத்த தொட்டியில் தேன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு டான்யூப் ஆற்றங்கரையிலிருந்து பல்கேரிய ஊரான ஒரியாஹோவோவின் மேட்டில் ஏறுகிறவனுக்கு இது எப்பேர்ப்பட்ட அவஸ்தை என்று அந்தத் தேனீக்களைத்தான் கேட்க வேண்டும். இரண்டாம் கியரில் ஏறினால் எஞ்சின் கொதிக்கும், நாலாம் கியருக்கு மூச்சு முட்டும். நடுவில் ஒன்று இல்லாவிட்டால் பிழைப்பே நொண்டிதான்.

அந்த வண்டியைச் செய்த தொழிற்சாலையை இழுத்து மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸுக்கு வெல்கோ ஏறாத படி இல்லை. தலைநகர் சோஃபியாவின் பழைய சாமான் சந்தையில் ஒருவன் எண்ணெய்த் துணியில் பொதிந்து, ஏதோ தங்கக் காசு கொடுப்பவன் மாதிரி ஒரு பல்சக்கரத்தை எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பல் குறைவு, வேறு மாடலாம். பிளெவன் ஊரில் ஒரு கடைசல் பட்டறைக்காரர் புதிதாகவே வெட்டித் தந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு பதம் போதாமல், அகேசியா மரங்கள் பூத்து முடிவதற்குள் பாலாடைக்கட்டி மாதிரி கரைந்துபோயிற்று. பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

படகுத் துறையில் கயிறு கட்டும் பென்சோதான் கடைசியில் சேதி கொண்டுவந்தான்.

“அண்ணே, அக்கரையில பெகேத்துல ஒரு பொம்பளை வீட்டுக் கொட்டாயில உங்க வண்டி கெடக்கு. அச்சு அசல் அதே வண்டி. புருஷன் போனதுலேர்ந்து அதுல கோழிதான் அடைகாக்குதாம்.”

“ஓடுமா?”

“கோழி ஓடும். வண்டியப் பத்தி எனக்குத் தெரியாது.”

மனைவியைப் புதைத்த பிறகு வெல்கோ ஆற்றைத் தாண்டியதே இல்லை. ஐம்பதைக் கடந்த மனிதன், தேனீ வளர்ப்பவன், பேச்சு குறைவு. ஒரு ஜாடித் தேனை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை முதல் படகில் ஏறினான். பாப்லர் மரங்கள் பஞ்சு விடுகிற பருவம். ஆறு முழுக்க வெள்ளைப் பஞ்சு. மேலேயும் பஞ்சு, தண்ணீரிலும் பஞ்சு, படகு எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. பாதித் தூக்கத்தில் போவது போல் அக்கரை போய்ச் சேர்ந்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் சாவெத்தா. ரொமேனியாக்காரி. சந்தையில் பழகிய அரைகுறை பல்கேரிய மொழி அவளிடம் இருந்தது, ரேடியோவில் கேட்ட அரைகுறை ரொமேனிய மொழி இவனிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பேச்சு தேறும். அவள் கோழியைத் தூக்கிக் கீழே விட்டாள், ரவிக்கைக் கையைச் சுருட்டினாள், கியர் பெட்டியைத் தானே திறந்தாள். கறுத்த பழைய எண்ணெய்க்குள் முழங்கைவரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். கிணற்றுக்குள் விழுந்த குடத்தைத் தேடுகிறவள் மாதிரி இருந்தது. எடுத்துக் காட்டியபோது அந்தச் சக்கரத்தில் ஒரு பல் கூடத் தேயவில்லை.

வெல்கோ சக்கரத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய் சொட்டும் அந்தக் கையைத்தான் பார்த்தான். அந்த நிமிஷமே மனுஷனுக்குப் பிடித்துவிட்டது, சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது!

வீட்டுக்கு வந்து மாட்டினான். மூன்றாவது கியர் பாறைபோல் நின்றது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் மனுஷன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு துறையில் நின்றான்.

“என்னண்ணே, இன்னைக்கு எது போச்சு?” என்றான் பென்சோ.

“ஷிஃப்டர் ஃபோர்க். வளைஞ்சிடுச்சு.”

அதற்கடுத்த வாரம் ஒரு புஷ். அப்புறம் ஒரு ஸ்பிரிங். ஒடியாததையெல்லாம் ஒடிந்தது என்றான், தேயாததையெல்லாம் தேய்ந்தது என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

“போன வாரம் ஸ்பிரிங், இந்த வாரம் பேரிங்கா? அண்ணே, உங்க வண்டியில ஒடைஞ்சது கியர் பெட்டியா, இல்ல வேற ஏதாவதா?” என்று பென்சோ கேட்டதும், படகில் இருந்த லாரிக்காரர்கள் வரைக்கும் சிரித்தார்கள். வெல்கோ காதுமடல் சிவக்க ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாவெத்தாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு பாகம்தான் கழற்றிக் கொடுப்பாள். ஒருநாள் வெல்கோ பக்கத்தில் கிடந்த வாஷரையும் சேர்த்து எடுக்கப் போனான், கையில் ஒரு தட்டு விழுந்தது.

“பேரிங் ஒண்ணுதான் போச்சுன்னு சொன்ன? அத வச்சிட்டுப் போ. வாஷர் அடுத்த வாரம் ஒடையட்டும்.”

பிறகு சோளக்களியும் ஆட்டுப்பாலாடைக்கட்டியும் வைப்பாள். இருவரும் செர்ரி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பஞ்சு வந்து தட்டில் விழும், அவள் ஊதுவாள். பேச்சு பாதியில் அறுந்துபோகும், வார்த்தை கிடைக்காமல் இருவரும் சும்மா இருப்பார்கள், அந்தச் சும்மா இருப்பது வெல்கோவுக்குத் தேனைவிட இனித்தது. திரும்பி வரும்போது படகு நகர்கிறதா கரை நகர்கிறதா என்று புரியாது. மனுஷன் அப்படியொரு கிறக்கத்தில் வாரத்தைக் கழித்தான்.

ஆனால் கியர் பெட்டி என்ன அட்சய பாத்திரமா? ஒவ்வொன்றாக எடுத்தால் ஒருநாள் காலியாகத்தானே செய்யும். அந்த நாள் வந்தது. கொட்டாயில் வெறும் கூடு மட்டும் கிடந்தது. கடைசியாக மிஞ்சியது ஒரு பூட்டு வளையம், மோதிரம் மாதிரி, ஒரு பக்கம் திறந்த கம்பி. அதை அவள் எண்ணெய் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“அவ்வளவுதான். இனிமே குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

வெல்கோ தலையைக் குனிந்துகொண்டான்.

“மக இத்தாலியிலேர்ந்து கூப்பிடறா. அங்கேயே வந்துடுங்கறா. போனா திரும்பி வர்றாப்பல இல்ல.” கொஞ்ச நேரம் செர்ரி மரத்தைப் பார்த்தாள். “நான் ஒண்ணு கேக்கறேன். ஒடையறதுக்கு இனிமே எதுவும் இல்ல. அப்பவும் நீ வருவியா?”

இங்கேதான் வந்தது வினை. எங்கள் கரையில் ‘ஆமாம்’ என்றால் தலை இடமும் வலமும் ஆடும், ‘இல்லை’ என்றால் மேலும் கீழும் போகும். ஆற்றைத் தாண்டினால் அப்படியே தலைகீழ். இதனால் சந்தையில் எத்தனையோ பேர் வேண்டாத பன்றிக்குட்டியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெல்கோவுக்கு அது தெரியும். அவளுடைய ஊரில் அவளுடைய வழக்கப்படிதான் நடக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தான். சாவெத்தாவுக்கும் அது தெரியும். இவன் பல்கேரியாக்காரனாயிற்றே, இவன் தலையை இவன் ஊர்க் கணக்கில்தான் படிக்க வேண்டும் என்று அவளும் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டார்களா? அதுதான் இல்லை.

வெல்கோவுக்கு ஊமை கண்ட கனவு மாதிரி எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. வாயால் சொல்ல முடியாமல், தலையை மட்டும் மேலும் கீழுமாக, தெளிவாக, ஆசையோடு, திரும்பத் திரும்ப ஆட்டினான். வருவேன், வருவேன், வருவேன்.

அவள் படித்தது வரமாட்டேன், வரமாட்டேன், வரமாட்டேன்.

“சரி” என்றாள். எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் இந்த அசடு! படகில் அன்று அவன் சீட்டியடித்தான். பென்சோ கயிற்றை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமைக்குள் வெல்கோ தன் கியர் பெட்டியை முழுக்கப் பிரித்து, அவள் கொடுத்த அத்தனை பாகங்களையும் அதில் மாட்டினான். நல்லதைக் கழற்றி எறிந்துவிட்டு அவளுடையதைப் போட்டான். ஒவ்வொன்றையும் போடும்போது மனசு செர்ரி மரத்தடியில் இருந்தது. அந்தப் பூட்டு வளையத்தைத் தலைகீழாக மாட்டியது அவனுக்கே தெரியாது. முதல் தடவையாக வண்டியையே படகில் ஏற்றிக்கொண்டு போனான். அவளைத் தொட்டியில் உட்காரவைத்து ஆற்றோரமாக ஒரு சுற்று போகவேண்டும் என்று ஆசை.

சாவெத்தா வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்டை வீட்டு தோமிகா எட்டிப் பார்த்தாள். கையில் சாவெத்தாவின் கோழி.

“ஓ, வந்துட்டாரா துரை! அதான் வரமாட்டேன்னு மண்டைய மண்டைய ஆட்டுனியாமே, இப்ப எதுக்கு வந்த?”

“வரமாட்டேன்னா? நானா?”

“பின்ன நானா? அவ பாவம், வாரம் பூரா அழுதா. இத்தாலி பஸ்ஸுக்குப் போயிட்டா. தபுலேனி முக்குல நிக்கும். நிக்குதோ, போயிடுச்சோ!”

வெல்கோவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கிற்று. “ஐயோ” என்று தலையிலேயே அடித்துக்கொண்டான், அந்தத் தலைமேல்தான் அவனுக்குக் கோபம்.

கிக்கரை உதைத்தான். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதுக்குக் காலை வைத்தான், நெம்பினான், மிதித்தான். அசையவில்லை. உள்ளே வளையம் கழன்று எங்கோ போய்ச் செருகிக்கொண்டுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. நல்ல கியர் பெட்டியைக் காதலுக்காகப் பிரித்தவனுக்கு இது வேண்டியதுதான் என்று நான் சொல்லலாம். ஆனால் அன்று அவன் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சொல்ல வாய் வராது.

இரண்டாம் கியரிலேயே போனான். எஞ்சின் அலறியது, வண்டி நடந்தது. தர்பூசணி வயல்களுக்கு நடுவே ஆளில்லாத மணல்வெளிச் சாலை. இரண்டு பக்கமும் பாப்லர் மரங்கள் பஞ்சைக் கொட்டிக்கொண்டிருந்தன. பஞ்சு அவன் மீசையில் ஒட்டியது, இமையில் ஒட்டியது. கனவில் ஓடுவோமே, கால் ஓடும், இடம் மாறாது, அப்படி இருந்தது. மரங்கள் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வெயில் வெள்ளையாக இருந்தது, வானம் வெள்ளையாக இருந்தது, அவள் ஊதிய தட்டு அதற்குள் எங்கேயோ மிதந்தது. வெல்கோ எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டே போனான்: “வருவேன்னுதான் சொன்னேன்! வருவேன்னுதான் சொன்னேன்!”

ஒரு குதிரை வண்டி அவனை முந்தியது. வண்டிக்காரன் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தான்.

“என்னப்பா, கயிறு கட்டி இழுக்கவா?”

வெல்கோ கைப்பிடியை இன்னும் முறுக்கினான். அழுகிறானா, கண்ணில் பஞ்சா என்று வண்டிக்காரனுக்கும் புரியவில்லை. குதிரையைத் தட்டிவிட்டுப் போனான்.

தபுலேனி முக்கில் பஸ் இருந்தது. இத்தாலி பஸ் என்றைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? ஊரே தன் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பன்றி வறுவலும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தது. டிரைவர் கடைசி மூட்டையைக் காலால் உதைத்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, எஞ்சினைப் போட்டுவிட்டார். வெல்கோ பஸ்ஸுக்குக் குறுக்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தினான். டிரைவர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார்.

சாவெத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திறக்க முடியாத கண்ணாடி. அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஏதோ சொன்னாள், சத்தம் வரவில்லை. பிறகு விரலால் தன் நெஞ்சைத் தொட்டாள், கீழே தரையைக் காட்டினாள், புருவத்தை உயர்த்தினாள். நான் இங்கேயே இருந்துடட்டுமா?

வெல்கோ தலையை மேலே தூக்கினான். சட்டென்று நிறுத்திக்கொண்டான். இடது பக்கம் திருப்பினான். அதையும் பாதியில் நிறுத்தினான். எப்படி ஆட்டினாலும் தப்பாகப் போய்விடுமே! பஸ் முழுக்க ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தது. கடைசியில் இரண்டு கைகளாலும் தன் தலையை ஆடாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வாயை அகலத் திறந்தான்.

“தா!”

ஆமாம் என்பதற்கு எங்கள் கரையிலும் அதுதான் வார்த்தை, அவர்கள் கரையிலும் அதுதான் வார்த்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டிருக்காது. ஆனால் அப்படித் திறந்த வாயைப் படிக்கத் தெரியாதவர்கள் யார்? அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“மடையா! அப்புறம் ஏன் அன்னைக்கு மேலும் கீழும் ஆட்டுன?”

“உங்க ஊர் மாதிரி ஆட்டுனேன்.”

“நான் உங்க ஊர் மாதிரி பார்த்தேன்டா பாவி!”

அவன் சட்டையைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினாள். பிறகு அதே சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவளுடைய பெட்டி எல்லா மூட்டைக்கும் அடியில் இருந்தது. டிரைவர் ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தபடி இரண்டு நாட்டுக்காரர்களையும் சேர்த்துத் திட்டினார்.

பஸ் போன பிறகு சாவெத்தா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியில் ஏறி உட்கார்ந்தாள். அது முழுக்கத் தேன் மெழுகு வாசம்.

“ரெண்டாவது கியர்தான் இருக்கு. வேற எதுவும் விழாது” என்றான் வெல்கோ தயங்கித் தயங்கி. “வீடு போய்ச் சேர ரொம்ப நேரமாகும்.”

“ஆகட்டும்” என்றாள். “யாரு கேட்டா உன்கிட்ட சீக்கிரம்?”